விளக்கின் மஞ்சளை விட்டுவையுங்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ‘ஒயிட் பேலன்ஸ்’ என்பது ‘பலான்ஸ் தே ப்ளாங்’. நேராகச் சொன்னால் வெள்ளைகளின் தராசு. எங்கள் ஊரில் அதற்கு வேறு பொருளும் வரும், அது போகட்டும்.

கேமராவை ‘ஆட்டோ’விலேயே வைத்துக் கார்த்திகை தீபம் எடுப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. நடுப்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின் என்றால் அகல் சுடர் 2000-க்குப் பக்கம். அந்த மஞ்சளை ஆட்டோ ஒரு குறையாக எண்ணி, முடிந்தமட்டும் கழுவப் பார்க்கும். திண்ணை விளக்குகள் சோகை பிடித்துப்போகும். நம் பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர் படத்தை அடைத்துக்கொண்டாலும் இதே வேலைதான். சுவர் வெளிறும், முன்னால் நிற்பவர் முகத்தில் நீலம் ஏறும்.

சூரியன் படம் போட்ட அமைப்புக்கு மாற்றிவிடுங்கள். விளக்கொளி கொஞ்சம் கூடுதல் செம்மஞ்சளாக விழும். விழட்டுமே! பாரிசில் இருக்கும் என் பேத்தி கார்த்திகையைப் படத்தில்தான் பார்க்கிறாள்.

கல்யாணப் புடவையின் நிறம் பிசகக்கூடாது என்றால் வேறு கதை. அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து, வெள்ளை எது என்று கேமராவுக்குக் காட்டிக்கொடுங்கள். வேட்டியைக் காட்டாதீர்கள், அதில் சொட்டு நீலம் இருக்கும்.