எண்ணிட்ட பட்டியலுக்கு எதிராக

காலையில் எழுந்ததும் அன்று செய்ய வேண்டியவற்றை எழுது, முக்கியத்துவ வரிசையில் எண்ணிடு, முடித்தவற்றை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போ, வாழ்க்கை செம்மைப்படும். சுயமுன்னேற்ற நூல்கள் ஓதிவந்த இந்த உபதேசத்தை இன்று கைபேசிச் செயலிகள் மணியடித்துச் சொல்கின்றன. அலுவலகங்கள் இதை ஏற்றதில் வியப்பில்லை. இலக்கிய வாசகர்களும் எழுத்தாளர்களும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டதே எங்கள் கவலை. 'படிக்க நேரமில்லை' என்று புலம்புவோரில் பலர் சோம்பேறிகள் அல்லர். ஒழுங்காகப் பட்டியல் போடுகிறவர்கள். வாசிப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஏழாவது இடத்தில்.

மறதிக்கு மருந்தாகப் பட்டியல் எழுதுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. மளிகைச் சீட்டு இல்லாமல் கடைக்குப் போனவர் உப்பை மறந்து திரும்புவார். எங்கள் சண்டை அந்த எண்களோடு மட்டுமே. சீட்டு நினைவூட்டுகிறது, எண் தீர்ப்பளிக்கிறது.

இந்த வழக்கத்துக்கு மேலாண்மை உலகம் விரும்பிச் சொல்லும் தோற்றக் கதை ஒன்று உண்டு. 1918-இல் ஐவி லீ என்ற மக்கள் தொடர்பு ஆலோசகர், அமெரிக்காவின் பெத்லஹெம் எஃகு நிறுவனத்தை நடத்திவந்த சார்லஸ் ஷ்வாபுக்கு ஒரு யோசனை சொன்னாராம். மறுநாள் செய்ய வேண்டிய ஆறு வேலைகளை முதல் நாளே வரிசைப்படி எழுதி வைப்பது, முதலாவதை முடிக்காமல் இரண்டாவதைத் தொடாதிருப்பது. பலன் கண்ட ஷ்வாப் 25,000 டாலருக்குக் காசோலை அனுப்பினாராம். கதையில் எவ்வளவு உண்மையோ, இடம் மட்டும் வெகு பொருத்தம். அதே பெத்லஹெமில்தான் ஃபிரெடரிக் டெய்லர் 1898 முதல் 1901 வரை பணியாற்றினார். ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு ஏற்றும் இரும்புப் பாளங்களின் அளவை 12½ டன்னிலிருந்து 47½ டன்னுக்கு உயர்த்தியதாக 1911-இல் வெளியான தம் நூலில் பெருமையோடு எழுதினார். திட்டமிடுபவர் வேறு, சுமப்பவர் வேறு என்பதே அவரது கோட்பாட்டின் சாரம். எண்ணிட்ட பட்டியலை எழுதும்போது நாம் நமக்கே மேலாளராகவும் சுமையாளாகவும் ஆகிவிடுகிறோம். டெய்லருக்கு அளவுகோல் டன். நமக்கு, அடித்த வரிகளின் எண்ணிக்கை.

பட்டியலில் ஒன்றாம் எண் எதற்குக் கிடைக்கிறது? யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் வேலைக்கு. மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் உண்டு. அதிகாரிக்கு அறிக்கை மாலைக்குள் வேண்டும். ஒரு ருஷ்ய நாவலைப் படித்து முடிக்கவோ, பாதியில் நிற்கும் மொழிபெயர்ப்பைத் தொடரவோ கெடு வைப்பவர் யாருமில்லை. கெடு இல்லாதது நாளைய பட்டியலுக்குப் போகிறது; பிறகு அடுத்த மாதத்துக்கு; பிறகு ஓய்வுபெற்ற பின்னான காலத்துக்கு. நாம் முக்கியத்துவம் என்று பெயரிட்டு அழைப்பது பெரும்பாலும் பிறருடைய அவசரத்தைத்தான்.

அவசரமும் முக்கியமும் வேறு என்று எங்களுக்கும் தெரியும் என்பார்கள் பட்டியல்வாதிகள்; ஐசன்ஹோவரைத் துணைக்கு அழைப்பார்கள். 1954-இல் எவன்ஸ்டனில் ஆற்றிய உரையில் அவர் இந்த வேறுபாட்டைக் குறிப்பிட்டார் என்பது உண்மை. அதையும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவரின் கூற்றாகவே சொன்னார். அதை நான்கு கட்டங்களாக்கிப் பரப்பியது 1989-இல் வெளிவந்த ஸ்டீஃபன் கவியின் நூல். ஆனால் கட்டம் போட்டால் மனம் மாறிவிடுமா? 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், கூடுதல் பலன் தரும் வேலை கண்முன் இருக்கும்போதும், போலிக் கெடு ஒட்டப்பட்ட சிறு வேலையையே பலர் தேர்ந்தெடுத்தனர். முக்கியமானது எது என்று அறிவது ஒன்று, அதைத் தொடுவது வேறொன்று.

எழுதி வைத்தால் மனம் இளைப்பாறுகிறதே என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் உண்டு. முடிக்காத வேலை மனத்தைவிட்டு எளிதில் அகல்வதில்லை என்று 1927-இல் புளூமா ஜைகார்னிக் எழுதினார். திட்டம் ஒன்றை வகுத்துவிட்டாலே, வேலை முடியாவிட்டாலும் அந்த உறுத்தல் தணிகிறது என்று 2011-இல் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் காட்டினர். மின்கட்டணத்தைப் பொறுத்தவரை இது வரம். எழுத்தைப் பொறுத்தவரை இதுவே ஆபத்து என்கிறோம். எழுதாத கதை உறுத்த வேண்டும். குளிக்கும்போதும் பேருந்திலும் கூடவே வர வேண்டும். 'கதையை முடிக்க' என்று ஐந்தாம் எண்ணில் எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கியவரைக் கதையும் உறங்க விட்டுவிடும்.

மாற்று என்ன? ஆந்தனி ட்ரோலப் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்தபடியே நாவல்கள் எழுதினார். காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்வார். கைக்கடிகாரத்தை அல்ல, மேசைமேல் வைத்த கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். எழுதிய நாவல்கள் 47. அவரும் எண்ணியவர்தானே என்று கேட்கலாம். எண்ணினார், ஆனால் அந்தக் காலைப் பொழுதை அஞ்சல் கோப்புகளோடு போட்டியிட விடவில்லை. எழுத்துக்கு அவர் தந்தது ஒரு நேரம். வரிசை எண் அன்று.

இங்கே ஒன்றை மறைத்தால் எங்கள் வாதம் நேர்மையற்றதாகும். ட்ரோலப்பை எழுப்பிக் காப்பி தர ஒரு பணியாளர் இருந்தார்; அதற்காக ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகப் பெற்றார். நம் வீடுகளில் அந்தப் பணியாளர் பெண், கூலியும் கிடையாது. 2019-இன் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டோரில் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். இந்த 299 நிமிடங்கள் எவர் பட்டியலிலும் எண் பெறுவதில்லை. அவை செய்யப்படுவதால்தான் பிறருடைய பட்டியல்கள் குட்டையாக இருக்கின்றன. தன் வாசிப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் ஆண், அதே வீட்டில் இன்னொருவருக்கும் ஒரு மணி நேரம் மிஞ்சுகிறதா என்று பார்க்கக் கடமைப்பட்டவர்.

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது. பட்டியல் போடுங்கள், மின்கட்டணமும் மளிகையும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கேட்டவர் யார் என்று எழுதுங்கள். எவரும் கேட்காத, நீங்களே விரும்பிய வேலைகளை அங்கிருந்து வெளியே எடுத்து, நாளின் ஒரு பகுதியை அவற்றுக்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் பட்டியல் காத்திருக்கட்டும். இத்தனை ஆண்டுகளாகப் புத்தகங்கள் காத்திருக்கவில்லையா?