பழைய முகாமையாளரை மாற்றுவதா? ஒரு ஹொக்கி அணி தரும் பாடம்

இருபது வருடங்களாகக் கடையின் பொறுப்பைச் சுமந்த முகாமையாளரை மாற்றலாமா? நமது வர்த்தகர்கள் பலரும் என்றாவது ஒருநாள் சந்திக்கும் கேள்வி இது. வாப்பாவின் காலத்தில் வேலைக்கு வந்து, எனக்கே துணி அளக்கவும் கடன் கொப்பி எழுதவும் பழக்கிய ஒருவர் எனது கடையில் இருக்கிறார். கொள்வனவு அவரது பொறுப்பு. மூன்று வருடங்களாக விற்காத சரக்கு களஞ்சியத்தில் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் அவரிடம் அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. இந்நிலையில்தான் நமக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டின் நிர்வாக வரலாறு எனது கவனத்தை ஈர்த்தது.

அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரில் ரெட் விங்ஸ் என்றொரு ஐஸ் ஹொக்கி அணி உண்டு. 1959 இல் ஒரு பீட்சா கடையுடன் தொழில் தொடங்கிய மைக் இலிச் என்பவர் 1982 இல் இந்த அணியை 8 மில்லியன் டொலருக்கு வாங்கினார். அங்கு பொது முகாமையாளர் என்பவர் மைதானத்தில் பயிற்சி கொடுப்பவர் அல்லர். எந்த வீரரை எடுப்பது, எத்தனை வருட ஒப்பந்தம், என்ன சம்பளம் என்பதைத் தீர்மானிப்பவர். நமது வழக்கில் சொன்னால் கொள்வனவுப் பொறுப்பாளர். 1997 முதல் 2019 வரை 22 வருடங்கள் அந்தக் கதிரையில் இருந்தவர் கென் ஹொலண்ட்.

அவர் திறமையற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவரது காலத்தில் 1998, 2002, 2008 ஆகிய வருடங்களில் அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தெரிவு செய்யும் முறையில், 1998 இல் 171 ஆவதாக டட்சுக்கையும் 1999 இல் 210 ஆவதாக ஸெட்டர்பேர்க்கையும் அவரது அணி எடுத்தது. மற்றவர்கள் கழித்துவிட்ட மூலையிலிருந்து பொறுக்கிய சரக்கு பிற்காலத்தில் பொன்னானது. 2005 இல் ஓர் அணி வீரர்களுக்கு 39 மில்லியன் டொலருக்கு மேல் செலவிடக்கூடாது என்ற உச்சவரம்பு வந்தது. அதற்கு முன்னர் 70 மில்லியனுக்கும் மேல் செலவிட்டு வந்த டெட்ரொய்ட், அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் 2008 இல் கிண்ணத்தை எடுத்தது.

பிறகு என்ன நடந்தது? 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 பருவங்கள் அந்த அணி கிண்ணத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. அந்தப் பெருமையை விட்டுவிட எவருக்கும் மனம் வரவில்லை. தரமான வீரர்கள் ஓய்வு பெற்றுச் செல்ல, இருப்பவர்களை வைத்து இன்னும் ஒரு வருடம் ஒப்பேற்றுவதற்காக நீண்டகால ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. 2015 இல் அப்டெல்கேடருக்கு 7 வருடங்கள், 29.75 மில்லியன் டொலர். 2016 இல் 32 வயதான நீல்சனுக்கு 6 வருடங்கள், 31.5 மில்லியன் டொலர். இரண்டு ஒப்பந்தங்களையும் முடிவு வரை கொண்டு செல்ல முடியாமல், பின்வந்த நிர்வாகம் பணம் கொடுத்து இவர்களை விடுவித்தது. 2020 இல் விடுவிக்கப்பட்ட அப்டெல்கேடரின் கணக்கு 2026 வரை அணியின் ஏட்டில் நீண்டது.

ஹொலண்டை மாற்றியது சரியே என்பது எனது கருத்து. எனினும் அது பிந்திச் செய்யப்பட்டது. 2017 இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பெப்ரவரியில் மைக் இலிச் மறைந்தார். அதே பருவத்தில் 25 வருடத் தொடர்ச்சியும் அறுந்தது. உரிமையாளரும் மாறி, பழைய இலக்கும் இல்லாமற்போன அந்த வேளைதான் கதிரையை மாற்றுவதற்கும் உகந்த வேளை. ஆனால் 2018 ஏப்ரலில் அவருக்கு மேலும் இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்து, ஒரு வருடத்திலேயே அவரை வேறு பதவிக்கு உயர்த்தி, கதிரையை முன்னாள் அணித்தலைவர் ஸ்டீவ் ஐஸர்மனிடம் கொடுத்தார்கள்.

நீண்டகாலம் இருந்தார் என்பது ஒருவரை நீக்குவதற்குக் காரணமாகாது. அவர் வாங்கிய சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும்படி அவரிடமே கேட்பதுதான் சிக்கல். தான் தேடி எடுத்த பொருளின் பெறுமதி குறைந்துவிட்டதை ஒத்துக்கொள்ள எவருக்கும் கை வராது. ஹொலண்டின் ஆற்றல் மங்கிவிடவில்லை. 2019 இல் எட்மொன்டன் அணிக்குச் சென்ற அவர், 2024 இல் அதனை இறுதிப் போட்டித் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை கொண்டு வந்தார். புதிய இடத்தில் பழைய கணக்குகள் அவரது கையைக் கட்டவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆளை மாற்றியதும் இலாபம் வந்துவிடாது. ஐஸர்மன் தம்பா பே அணியை எட்டு வருடங்கள் நடத்தியவர். அவர் சேர்த்த வீரர்களைக் கொண்டே அந்த அணி, அவர் சென்ற பின்னர், 2020 இலும் 2021 இலும் கிண்ணத்தை வென்றது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர். அத்தகையவர் பொறுப்பேற்ற டெட்ரொய்ட்டோ 2019-20 பருவத்தில் 71 ஆட்டங்களில் 17 இல் மட்டுமே வென்றது. 2025 வரையில் ஒரு தடவையேனும் இறுதிக்கட்டச் சுற்றை எட்டவுமில்லை. ஆறு வருடம் என்பது சிறிய தவணையல்ல. ஹொலண்டிடம் கேட்ட கேள்வியை ஐஸர்மனிடமும் கேட்கத்தான் வேண்டும்.

நமது கடைகளுக்கு இதிலிருந்து மூன்று விடயங்களை எடுத்துக்கொள்ளலாம். முகாமையாளரை எடை போடும்போது முப்பது வருடச் சேவையை நன்றியோடு ஒரு பக்கம் வையுங்கள், கடைசி ஐந்து வருடக் கணக்கை மறுபக்கம் தனியாகப் பாருங்கள். பழைய பெருமையைக் காப்பாற்றும்படி முதலாளியே நெருக்கிவிட்டு, நட்டம் வந்ததும் முகாமையாளரை மட்டும் குறை சொல்லாதீர்கள். மாற்றுவதென்றால் தவணை கூட்டிக் கொடுத்துப் பிந்தாமல், மரியாதையோடு மாற்றுங்கள். வருபவருக்கும் ஒரு தவணையையும் ஓர் அளவையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இதை எழுதும்போதுதான் எனது தவறும் எனக்குத் தெரிந்தது. இரண்டு பெருநாள் சீசனுக்கும் கடை நிறைய வேண்டும் என்று அவரை விரட்டியவன் நானே. அடுத்த கிழமை கணக்கு ஏட்டுடன் அவர் முன்னால் உட்காரப் போகிறேன். முதலில் எனது பங்கைச் சொல்லிவிட்டு, கொள்வனவை இனி வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்வேன். கடையில் அவருடைய கதிரை அவருக்கே இருக்கும்.