விலையா கற்பிக்கும்?

விலையுயர்ந்த கேமராவே நல்ல படம் தரும் என்னும் மயக்கம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. அதற்கு நீர் வார்ப்போர் விற்பனையாளர் மட்டுமல்லர். புகைப்படக் கழகத்தில் சேரப் புத்தம்புதுக் கருவி வேண்டும் என விதிக்கும் ஆசிரியருமே ஆவர்.

மெகாபிக்சல் மிகுந்தால் போதும் என்பர். 12 மெகாபிக்சல் 24 ஆயின், படத்தின் அகலம் இரட்டிப்பதில்லை, ஏறத்தாழ 1.4 மடங்கே ஆகும். ஏ4 தாளில் தெளிவுற அச்சிட 9 மெகாபிக்சலே போதுமே!

தொடக்கநிலை மாணவன் அறிய வேண்டுவது ஒளியின் கணக்கு. ஷட்டர் திறக்கும் நேரத்தை 1/125 விநாடியிலிருந்து 1/60 ஆக்கினால் ஒளி இரட்டிக்கும். ஈடுசெய்ய லென்சின் துளையை ஒரு படி சுருக்க வேண்டும். 1976 முதல் 1997 வரை உற்பத்தியான பென்டாக்ஸ் கே1000 இவ்விரண்டையும் கையாலேயே அமைக்கச் செய்தது; அதனாலேயே அது மாணவர் கேமரா எனப் பெயர் பெற்றது. இன்றோ, கைம்முறை அமைப்பும் ஒரே குவியத்தூர லென்சும் உடைய பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றே அப்பணியைச் செய்யும். எஞ்சும் பணம் பயணத்திற்கும் பயிற்சிக்கும் ஆகட்டும்.

ஆசிரியப் பெருமக்களே! தோட்டத் தொழிலாளியின் பிள்ளை கழக வாயிலினின்று திரும்புமாயின், குற்றம் அதன் வறுமையினதன்று; நாம் வகுத்த விதியினதே. அவ்விதியை இன்றே நீக்குவோம்.