பாட்டியின் பொடி அளவு

உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறார்களா? அப்படியானால், "அந்த ஃபங்ஷனை நான் எழுதவில்லை, இன்னொரு இடத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்" என்று போனில் பேசுவது உங்கள் காதில் விழுந்திருக்கும். என்ன ஃபங்ஷன், கல்யாணமா, வளைகாப்பா என்று திகைத்திருப்பீர்கள்! அது வேறொன்றுமில்லை. வட்டி போடுவது, தேதி பார்ப்பது போன்ற ஒரு சின்ன வேலையை எப்படிச் செய்வது என்று இயந்திரத்துக்கு எழுதி வைக்கும் குறிப்பு.

பாட்டியின் சாம்பார்ப் பொடி அளவை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மருமகள்களும் அதைத் தனித்தனி நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி கால் படி மல்லியை அரைப் படி என்று எழுதிவிட்டாள். பாட்டி பின்னால் வெந்தயத்தைக் குறைத்தது இன்னொருத்திக்குத் தெரியாது. மூன்று வீட்டில் மூன்று ருசி! ஒரே நோட்டை எல்லோரும் பார்த்திருந்தால் இந்தத் தொல்லை உண்டா?

இதைக் கம்ப்யூட்டரின் பால பருவத்திலேயே கண்டுகொண்டவர் ஒரு பெண்மணி. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிரேஸ் ஹாப்பர் 1944-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் 'மார்க் 1' இயந்திரத்தில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே ஒருவர் நோட்டிலிருந்து மற்றவர் கையால் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பார்த்து எழுதும்போது தப்புக்குக் கேட்பானேன்! பிற்பாடு, 1952-ல், 'யூனிவாக்' இயந்திரத்துக்காக அவர் ஒரு வழி செய்தார். குறிப்புகளையெல்லாம் நாடாவில் ஒரே இடத்தில் அடையாளம் போட்டு வைத்தார். அடையாளத்தைச் சொன்னால் போதும். இயந்திரமே எடுத்துக் கோத்துக்கொள்ளும். அதற்கு 'ஏ-0' என்று பெயர்.

இன்றும் பெரிய வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்து எழுதுகிறவர்கள், பொதுவான குறிப்பை ஓரிடத்தில் வைத்து, வேண்டியபோது கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அங்கே ஒரு தப்பைத் திருத்தினால் எல்லாப் பகுதியும் திருந்தியது போலத்தான்.

ஆனால் சகோதரிகளே, இரவலிலும் எச்சரிக்கை வேண்டும். 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் 'ஏரியான் 5' ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியது! நல்லவேளை, அதில் ஆட்கள் யாரும் இல்லை. நான்கு விஞ்ஞானத் துணைக்கோள்கள் போயின. காரணம் என்ன? 'ஏரியான் 4'-ல் ஒழுங்காக வேலை செய்த குறிப்பை அப்படியே இதிலும் வைத்துவிட்டார்கள். வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணுக்கு அதில் ஒதுக்கிய இடம் 32,767 வரைதான் கொள்ளும். புது ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம், எண் வழிந்துவிட்டது. வழிகாட்டும் கருவி நின்றது. துணைக்கு வைத்த கருவியிலும் அதே குறிப்புத்தான், அதுவும் நின்றது!

ஆகவே, இன்று ராத்திரி உங்கள் பெண் "எடுத்துக்கொண்டேன்" என்று சொன்னால், சாதம் பரிமாறிக்கொண்டே கேளுங்கள்: "நம்ம பாத்திரம் அந்த அளவைக் கொள்ளுமா என்று பார்த்தாயா, கண்ணு?"

அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று திகைப்பாள். அப்புறம், கையலம்பிவிட்டுப் போய்ப் பார்ப்பாள்!