வாலிபர் கேள்விப் பெட்டி: எலியின் வலிக்கு யார் கணக்குச் சொல்வது?



இம்மாதப் பெட்டியில் பெயர் எழுதாமல் ஒரு தங்கை போட்ட கேள்வி இது: "பல்கலைக்கழகத்தில் மருத்துவ அறிவியல் படிக்கிறேன். புற்றுநோய் வலியை ஆராய எலிக்கே அந்த நோயை உண்டாக்குகிறார்கள். விசுவாசியான நான் அதில் கைவைக்கலாமா?"

முதலில், அது எப்படிப்பட்ட வலி என்று பார்ப்போம். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் ஆகிய இடங்களில் தொடங்கும் புற்றுநோய் பலருக்கு எலும்புக்குப் பரவுகிறது. படுத்திருந்தாலும் விடாத வலி அது. கட்டிலில் திரும்பினாலோ இருமினாலோ திடீரென்று குத்தும். மார்ஃபின் வேலை செய்யத் தொடங்குமுன்பே அந்தக் குத்தல் வந்து போய்விடும். அதற்காக அளவைக் கூட்டினால் மீதி நேரமெல்லாம் மயக்கம். இப்படித் துடிப்பவர்களின் கட்டிலருகே நாங்களும் நின்று ஜெபித்திருக்கிறோம்.

1967-ல் லண்டன் சிடெனமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. வலி வந்தபின் ஓடாமல், வருமுன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். அதனால் எத்தனையோ பேர் அமைதியாக மரித்தார்கள். ஆனாலும் எலும்பு வலி அந்த மருந்துக்கும் முழுவதும் அடங்கவில்லை.

ஏன் என்று கண்டறிய, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் அந்தோணி டிக்கன்சனும், நோயாளிகளின் வலி தணிக்கும் மருத்துவரான கேத்தரின் அர்ச்சும் தங்கள் குழுவினரோடு எலிகளை ஆராய்ந்தார்கள். எலியின் கால் எலும்புக்குள் மார்பகப் புற்றுநோய்ச் செல்களைச் செலுத்தினார்கள். சில வாரங்களில் எலும்பு அரிக்கப்பட்டு, எலி அந்தக் காலை ஊன்றத் தயங்கியது. நோய் காலில்தான், ஆனால் தண்டுவடத்து நரம்புச் செல்களே மாறிப்போய், அளவுக்கு மிஞ்சித் துடித்தன. இதை 2003-ல் வெளியிட்டார்கள். கேபாபென்டின் மருந்து அந்தத் துடிப்பை அடக்குகிறது என்று 2005-ல் காட்டினார்கள்.

மனிதருக்கு உதவியதா? அதே வகையைச் சேர்ந்த பிரிகாபலினை, எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு பெற்ற 233 பேரிடம் பிரிட்டனில் சோதித்தார்கள். மருந்தில்லாத மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை என்று 2016-ல் முடிவு வந்தது. வேறொரு வழி பலன் தந்தது. எலும்பை அரிக்கும் செல்களைத் தடுத்தால் வலியும் குறைகிறது என்று 2000-ல் அமெரிக்காவில் சுண்டெலிகளில் கண்டார்கள். அந்தச் செல்களையே தடுக்கும் டெனோசுமாப் ஊசியை இன்று என்.எச்.எஸ். மருத்துவமனைகளில் போடுகிறார்கள்.

ஆக, எலியின் வேதனை சில வேளை பலன் தருகிறது, சில வேளை தருவதில்லை. இதை மறைக்காமல்தான் நாம் யோசிக்க வேண்டும்.

இந்நாட்டின் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இடத்துக்கு ஒன்று, ஆய்வுத் திட்டத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என மூன்று உரிமங்கள் வேண்டும். வேறு வழியிருந்தால் விலங்கைத் தொடக்கூடாது. எண்ணிக்கையையும் வேதனையையும் இயன்ற மட்டும் குறைக்க வேண்டும். ஆனால் உரிமம் மனச்சாட்சிக்குப் பதிலாகாது.

வேதம் என்ன காட்டுகிறது? அநேகம் குருவிகளைவிட நாம் விசேஷித்தவர்கள் என்றார் ஆண்டவர் (மத்தேயு 10:31). அதே வேதம், நீதிமான் தன் மிருகத்தின் உயிரையும் கவனிக்கிறவன் என்கிறது (நீதிமொழிகள் 12:10). நினிவேயின்மேல் பரிதபித்த தேவன் அங்கிருந்த மிருகஜீவன்களையும் கணக்கில் வைத்தார்.

தங்கையே, கைவைக்கலாமா என்று கேட்டாய். பழைய ஏற்பாட்டில் பலி கொண்டுவந்தவன் அதன் தலையின்மேல் தன் கையை வைக்க வேண்டியிருந்தது (லேவியராகமம் 1:4). தனக்காகப் போகும் உயிரை அவன் தொடாமல் நழுவ முடியாது. ஆய்வுக்கூடம் பலிபீடமல்ல, நமக்கான பலி ஒரேதரம் செலுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்தப் பாடம் இங்கும் பொருந்தும்.

ஆகவே, செய்யலாம் என்றே நினைக்கிறோம். ஆனால் எலியை வெறும் பொருளாக எண்ணும் நாள் வந்தால் அன்றே நிறுத்திவிடு. இந்தக் கேள்விக்கு உண்மையாகவே விடை தெரியவில்லையா, எலியில்லாமல் அறிய முடியாதா, தோற்ற முடிவையும் வெளியிடுவார்களா என்று துணிந்து கேள். மனம் ஒப்பாவிட்டால், செல்களையோ நோயாளிகளையோ கொண்டு செய்யும் ஆய்வைக் கேட்டுப் பெறு. செய்கிறவர் செய்யாதவரையும், செய்யாதவர் செய்கிறவரையும் அற்பமாக எண்ணவேண்டாம்.

மற்ற வாலிபருக்கும் ஒரு வார்த்தை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும் நாம் எல்லாரும் இந்தக் கணக்கில் பங்காளிகள். நன்றியோடும் நடுக்கத்தோடும் வாங்குவோம். வரும் வாலிபர் கூட்டத்தில் இதைப் பேசுவோம்.