பழைய வீட்டைப் புதுக்குவோர்க்கு

பழைய வீட்டைப் புதுக்க முற்படுவோர் பெரும்பாலும் முதலிற் கடைக்கே செல்கின்றனர். சுவரைத் தட்டிப் பார்ப்பவர் சிலரே. இது தலைகீழான முறையென்பது எம் கருத்து. சுண்ணாம்புக் காரையாற் கட்டிய சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிப் பின் மெல்ல வெளிவிடும் இயல்பினது. அதன்மேற் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, நாளடைவிற் செங்கல்லையே அரித்துவிடும். இப்பிழையை எம் இல்லத்தில் யாமே செய்தோம். இரண்டு மழைக்காலத்துள் பூச்சுப் பாளம் பாளமாக உதிர்ந்தது. கொத்தனார் முன்னரே எச்சரித்தார், யாம் கேட்டிலோம்.

மங்களூர் ஓட்டைக் குறித்தும் ஒரு சொல். 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் நிறுவிய தொழிற்சாலையினின்று பரவிய அவ்வோடு, ஒன்று உடைந்தால் அவ்வொன்றை மட்டும் மாற்ற இடந்தருவது. கூரையின் மரச்சட்டம் உளுத்துப்போகாதிருக்கையில் அதனைக் கழித்துக் கான்கிரீட்டு இடுவானேன்?

குளியலறைத் தரையோ வேறு செய்தி. அங்கே பழமை பாராட்ட வேண்டுவதில்லை. ஆயினும் கண்ணாடிபோற் பளபளக்கும் பீங்கான் ஓடு மட்டும் ஆகாது. எம் பாட்டியார் அத்தகைய தரையிலேதான் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தபின் அவர் எழுந்து நடந்தாரில்லை. மாணவ நண்பர்காள், நும் இல்லத்தார் ஓடு வாங்கச் செல்லுங்கால் உடன் செல்லுமின். கடையில் உலர்ந்திருக்கும் ஓட்டின்மேல் நீர் தெளித்து, வெறுங்காலால் தேய்த்துப் பார்மின். கடைக்காரர் நகைத்தால் நகைக்கட்டும்.