‘போட் போயிற்று’ என்று சொல்ல முன்

சென்ற இதழில் மடிக்கணினியைக் கழற்றுவது, தூசி தட்டுவது, விசிறியைத் துப்புரவாக்கித் திரும்பப் பூட்டுவது வரை பார்த்தோம். இம்முறை கொஞ்சம் ஆழமாகப் போவோம். ஆளியை அழுத்தினால் ஒரு சின்ன விளக்குக்கூட எரியாத மடிக்கணினியை என்ன செய்வது?

இப்படி வரும் கணினிக்கு அனேகமாகக் கிடைக்கும் தீர்ப்பு, “போட் போயிற்று, மாற்றத்தான் வேணும்” என்பதுதான். தாய்ப்பலகை மாற்றும் செலவு பழைய கணினியின் விலைக்குக் கிட்ட வந்துவிடும். அதனால் சொந்தக்காரி அதைத் துணியால் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவார். பிள்ளையின் பாடக்குறிப்பு, மாதர் சங்கக் கணக்கு, காணி உறுதியின் பிரதி, திரும்பி வராத ஒருவரின் படங்கள் எல்லாம் அதற்குள்ளே கிடக்கும். ஆனால் பல தடவைகளில் அந்தப் பலகையில் பழுதாகியிருப்பது அரிசிமணியிலும் சிறிய ஒரு கொள்ளளவி மட்டுமே.

ஆகவே கணினியைக் கொண்டுவந்தவரிடம் முதலில் கேட்கவேண்டியது, “உள்ளே இருப்பது வேறெங்காவது பிரதி இருக்கிறதா?” என்பதே. மின்வழிப் பழுது வந்தாலும் வன்தட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் பிரதி எடுக்கலாம். சில மெல்லிய புதிய மாதிரிகளில் நினைவகம் பலகையோடு பற்றாசு பிடிக்கப்பட்டிருப்பதால் கழற்ற முடியாது. விண்டோஸில் பிட்லொக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் இல்லாமல் தட்டைத் திறக்க இயலாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, மற்றவருடைய படங்களைத் திறந்து பார்க்கவேண்டாம். கோப்புகள் பிரதியாகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒரு பெண் தன் கணினியை இன்னொரு பெண்ணிடம் தேடிக் கொண்டுவருவதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

இனி வேலைக்கு வருவோம். சார்ஜரைக் கழற்றி, பற்றரியின் இணைப்பையும் கழற்றி, ஆளியை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின் வடிந்துவிடும். சில கணினிகள் இதற்குப் பிறகு சார்ஜரைக் கொடுத்ததும் தாமாகவே எழும்பிவிடும். பற்றரி ஊதியிருந்தால் அதைக் குத்தவோ அமுக்கவோ மீண்டும் சார்ஜ் ஏற்றவோ கூடாது. தீப்பற்றும்.

அடுத்தது சார்ஜர். கடைகளில் மல்ரிமீற்றர் என்று கேட்டு வாங்கும் பல்மானியை நேரோட்ட வோல்ற்றில் வைத்து அளவுங்கள். சார்ஜரின் மேல் 19 அல்லது 19.5 அல்லது 20 என்று எழுதியிருக்கும், அதே அளவு காட்டவேண்டும். தனியே அளக்கும்போது 19 காட்டிவிட்டு, கணினியில் செருகியதும் 7, 8 என்று விழுகின்ற சார்ஜர்களும் உண்டு. அப்போது வேறு நல்ல சார்ஜர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதுவும் விழுந்தால் குற்றம் கணினியில்தான். புதிய தட்டை முனை, அதாவது யூ.எஸ்.பி.-சி வகை, தனியே அளந்தால் 5 வோல்ற்றுக்கு மேல் காட்டாது. கணினியும் சார்ஜரும் தமக்குள் பேசி இணங்கிய பிறகுதான் 20க்கு ஏறும். 5இலேயே நின்றால் அந்தப் பேச்சு நடக்கவில்லை என்று அர்த்தம்.

சார்ஜர் செருகும் குழியையும் ஆட்டிப் பாருங்கள். பிள்ளைகள் வயரில் கால் தட்டி இழுத்து, உள்ளே பற்றாசு வெடித்திருப்பது சாதாரணம். இந்த ஒரு பழுதைச் சரியாகத் திருத்தத் தெரிந்தாலே மாதத்தில் சில வேலை கிடைக்கும்.

இவை இரண்டும் நன்றாக இருந்தால் குற்றம் பலகையில். பயப்படவேண்டாம். குளத்துத் தண்ணீர் வயலுக்கு வருவது போலத்தான் இதுவும். குளம் சார்ஜர், துருசு இரண்டு மொஸ்பெற்றுகள், அதன் பின் பெரிய வாய்க்கால், பிறகு கிளை வாய்க்கால்கள். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று மேலிருந்து கீழே நடந்து பார்க்கிறோம், அவ்வளவுதான்.

மின் கொடுக்க முன், பல்மானியை ஓமில் வைத்துப் பெரிய வாய்க்காலுக்கும் கிறவுண்டுக்கும் இடையே அளவுங்கள். திருகாணி பூட்டும் செப்பு வளையம் கிறவுண்ட். ஆயிரக்கணக்கான ஓம் காட்டினால் நல்லது. 1, 2 ஓம் காட்டினால் குறுஞ்சுற்று. பிறகு பலகையில் சாம்பல் நிறச் சதுரக் கட்டிகளாகத் தெரியும் சுருள்களை ஒவ்வொன்றாக அளந்து கொப்பியில் எழுதுங்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். மையச் செயலிக்குப் பக்கத்திலுள்ள சுருள்களில் சில ஓம், சிலவேளை அதிலும் குறைவு காட்டும். அது அதன் இயல்பு. அதைக் குறுஞ்சுற்று என்று எண்ணி நல்ல பலகையைக் கழித்துவிடக்கூடாது.

குறுஞ்சுற்று இல்லை என்றால் மின் கொடுத்து வோல்ற்று அளக்கலாம். பல மாதிரிகளில், குழியால் வரும் 19 வோல்ற்று எட்டுக் கால் கொண்ட இரண்டு மொஸ்பெற்றுகளைக் கடந்தே உள்ளே போகும். முதலாவதற்கு வருகிறது, இரண்டாவதைத் தாண்டவில்லை என்றால் துருசு பழுதாக இருக்கலாம், அல்லது துருசைத் திறக்கும் ஐ.சி. உத்தரவு கொடுக்காமல் இருக்கலாம். கேற் காலை அளந்தால் தெரியும். என் வகை மொஸ்பெற்றில் அங்கே 19ஐ விட ஏறத்தாழ 5, 6 வோல்ற்று கூடுதலாக இருக்கவேண்டும். அளக்கும்போது கை நடுங்கக்கூடாது. 19 வோல்ற்றுக் காலிலிருந்து முனை வழுக்கிப் பக்கத்து 3.3 வோல்ற்றுக் காலைத் தொட்டால் அந்தக் கணமே ஐ.சி. போய்விடும். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

பெரிய வாய்க்காலில் 19 இருந்தால் அடுத்து 3.3, 5 வோல்ற்றுக் கிளைகள். இவற்றில் ஒரு பகுதி ஆளியை அழுத்த முன்பே உயிரோடு இருக்கவேண்டும். ஆளி அழுத்தியதை உணர்கின்ற ஐ.சி.க்கே அந்த 3.3தான் சாப்பாடு. அது இல்லாமல் ஆளியை நூறு தடவை அழுத்தினாலும் பயனில்லை. இதற்கு மேல் போகச் சுற்றுப்படம் வேண்டும். அதைத் தேடுவதற்கு மூடியிலுள்ள மாதிரிப் பெயரை விட, பலகையிலேயே அச்சிட்டிருக்கும் இலக்கந்தான் உதவும்.

சரி, குறுஞ்சுற்று இருந்தால்? பெரிய வாய்க்காலோடு ஒட்டியபடி பல சிறிய பீங்கான் கொள்ளளவிகள் இருக்கும். அவற்றில் ஒன்று வெடித்தால் 19 வோல்ற்று முழுவதும் கிறவுண்டுக்கே ஓடும். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வோல்ற்றும் அம்பியரும் மாற்றக்கூடிய வலு வழங்கியை 1 வோல்ற்று, 1 அம்பியரில் வைத்து அந்த வழிக்குக் கொடுங்கள். பலகையில் ஐசோபுறொப்பைல் அற்ககோலைத் தடவிவிட்டுப் பாருங்கள். எங்கே முதலில் காய்கிறதோ அங்கேதான் சூடு, அங்கேதான் பழுது. காயாவிட்டால் அம்பியரை 2, 3க்கு உயர்த்தலாம், வோல்ற்றை உயர்த்தவேண்டாம். ஏனென்றால், செயலிக்கு மின் கொடுக்கும் மேல் மொஸ்பெற் ஒன்று உடைந்திருந்தால் நீங்கள் கொடுப்பது நேரே செயலிக்குள் போகும். 1 வோல்ற்றை அது தாங்கும், 5ஐத் தாங்காது. அற்ககோல் பாவிக்கும்போது பக்கத்தில் விளக்கோ அடுப்போ இருக்கக்கூடாது.

கண்டுபிடித்த கொள்ளளவியைக் கழற்றிவிட்டு மறுபடி ஓம் அளவுங்கள். இலக்கம் ஆயிரங்களுக்கு ஏறினால் வேலை முடிந்தது போலத்தான். அதே அளவுள்ள ஒன்றைச் செத்த பலகையிலிருந்து எடுத்துப் போடலாம். 19 வோல்ற்று வழியில் 25 வோல்ற்றுக்குக் குறைந்ததைப் போடக்கூடாது. மொஸ்பெற் எரிந்திருந்தாலும் இதே கவனம் வேண்டும். அதற்குக் கீழே குறுஞ்சுற்று இருக்கிறதா என்று பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் எரியும்.

கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பச்சை பூத்த பலகைகளையும், எறும்பு கூடுகட்டியவற்றையும், பல்லி நசுங்கியவற்றையும் முதலில் அற்ககோலும் மென்மையான பிரஷும் கொண்டு துப்புரவாக்கிவிட்டே அளக்கவேண்டும். அழுக்கோடு அளந்தால் இலக்கங்கள் பொய் சொல்லும்.

எல்லாம் திருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். செயலியே குறுஞ்சுற்றானால், அல்லது பலகையின் உள்ளடுக்கு கருகினால், நிறுத்திவிடுவதே நல்லது. ஆனால் அப்போதும் “போட் போயிற்று” என்ற ஒரு வரியோடு அனுப்பாதீர்கள். எங்கே எவ்வளவு அளந்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். அவர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இன்னொருவரிடம் காட்டினால் அது உதவும். சோதிக்கும் கூலி எவ்வளவு என்பதை வேலையைத் தொட முன்பே சொல்லுங்கள். திருந்தாவிட்டாலும் அது உங்கள் நேரத்துக்குரிய கூலி, கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம்.

பழகுவதற்குத் திருத்தகங்களில் எறியக் கிடக்கும் பலகை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் சுருள்களை எல்லாம் அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த இதழில் பற்றாசுக்கோல் பிடிப்பது பற்றிப் பார்க்கும்போது அந்தப் பலகையே தேவைப்படும்.